கையெழுத்துப் போட்டவர் யார், போடாதவர் யார்?

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் இந்தியாவின் சர்வதேச உறவுகளை நடத்தும்போது, அண்டை நாடுகளின் வரிசையில் இலங்கையும் வந்து போகும். மற்ற மாவட்டங்களில் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் அது எளிதல்ல. தோப்புக்கொல்லை, அழியாநிலை, லேணாவிளக்கு ஆகிய மூன்று இடங்களில் இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 2021இல்தான் மாறியது. 1983க்குப் பிறகு பல கட்டங்களாகப் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

குளத்தூருக்கு மாறுதலாகி வருவதற்கு முன் நான் பணிபுரிந்த பள்ளிக்கு அப்படி ஒரு முகாமிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். 1987ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "87லயே ஒப்பந்தம் போட்டாச்சுன்னா, எங்க அம்மம்மா ஏன் டீச்சர் 90ல இங்க வந்தாங்க?"

இந்தக் கேள்விக்கு "போர் மறுபடி மூண்டது" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டது அதுவல்ல. ஓர் ஒப்பந்தம் ஏன் நிற்கிறது, இன்னொன்று ஏன் நிற்பதில்லை என்று கேட்டாள். அதைச் சொல்ல ஓர் ஒப்பந்தம் மட்டும் போதாது. நின்ற ஒன்றையும் முறிந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நின்றதைத் தேடி நார்வேக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போகவேண்டியதில்லை. இலங்கை ஒப்பந்தத்துக்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன், அதே ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது, தில்லியில் கையெழுத்தான மிசோரம் உடன்பாடு இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக இவ்விரண்டையும் சேர்த்தே நடத்தி வருகிறேன்.

குளத்தூரில் பாடத்தைத் தொடங்குவதற்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. கோயில் திருவிழாவோ ஜல்லிக்கட்டோ தகராறாகி நின்றால், வருவாய்த் துறையும் காவல்துறையும் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவது நம் பக்கத்தில் வழக்கம். தாளில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்றிருக்கும். ஊரில் 'பீஸ் மீட்டிங்' என்பார்கள். எங்கள் வட்டத்தின் வட்டாட்சியர் அலுவலகம் கீரனூரில் இருக்கிறது. பிள்ளைகளில் சிலருடைய தாத்தாவோ பெரியப்பாவோ இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்திருப்பார். "அந்தக் கூட்டம் முடிந்த பிறகும் சில ஊரில் பிரச்சினை வருகிறதே, ஏன்?" என்று கேட்டேன். பின் இருக்கையிலிருந்து ஒருவன் யோசிக்காமல் சொன்னான்: "கூட்டத்துக்குக் கூப்பிடாத ஆளுதான் டீச்சர் மறுநாள் பிரச்சினை பண்ணுவாரு." அரசியல் அறிவியலில் பல பக்கம் எழுதப்பட்ட ஒன்றை அவன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான். அன்றைக்குக் கரும்பலகையில் நான்கு கட்டங்கள் வரைந்தோம்: ஆண்டு, கையெழுத்திட்டவர், வெளியே நின்றவர், தோற்றவர் என்ன செய்தார். பாடம் முழுவதும் இந்த நான்கு கட்டங்களை நிரப்புவதுதான்.

மிசோரம் கதை மூங்கிலில் தொடங்குகிறது. அந்த மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்க்கும். காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிகள் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் இறங்கும். பஞ்சம் வரும். மிசோ மக்கள் இதை 'மௌதம்' என்கிறார்கள். 1959இல் அது வந்தது. அப்போது மிசோ மலைகள் அசாம் மாநிலத்தின் ஒரு மாவட்டம். பஞ்சம் வரப்போகிறது என்று மாவட்டக் குழு முன்கூட்டியே சொல்லியும் அசாம் அரசு பொருட்படுத்தவில்லை என்ற கோபம் மக்களிடம் ஆழமாக இருந்தது. பஞ்ச நிவாரணத்துக்காக லால்டெங்கா என்பவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். முன்பு ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர் அவர். பின்னர் மாவட்டக் குழு அலுவலகத்தில் கணக்கராக வேலை பார்த்தவர். அந்தப் பஞ்ச நிவாரண அமைப்புதான் 1961இல் மிசோ தேசிய முன்னணி ஆனது. (அறிவியல் ஆசிரியரும் நானும் இந்த இடத்தில் ஒரே பாடவேளையைப் பகிர்ந்துகொண்டோம். மூங்கில் பூப்பது அவருக்கு, அதனால் அரசு ஆட்டம் காண்பது எனக்கு.)

1966 மார்ச் 1 அன்று முன்னணி தனிநாடு அறிவித்தது. மார்ச் 5 முதல் இந்திய விமானப்படை ஐஸ்வால் நகரின் மீது தாக்குதல் நடத்தியது. 1967இல் தொடங்கி, சிதறிக் கிடந்த கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோரக் குடியிருப்புகளில் காவலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஆயுதக் குழுவுக்குச் சோறும் செய்தியும் கிடைக்காமல் செய்வதுதான் நோக்கம். மலேயாவில் ஆங்கிலேயர் செய்ததைப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. கிராமப்புற மிசோக்களில் பெரும்பகுதியினர் இப்படி வீட்டை விட்டு இடம்பெயர்க்கப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் உடன்பாட்டின் பெருமையை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு அதன் அருமை புரியாது. இருபது ஆண்டு ரணத்தின் மேல் போடப்பட்ட கையெழுத்து அது.

பேச்சுவார்த்தையும் நேர்க்கோட்டில் போகவில்லை. 1972இல் மிசோரம் யூனியன் பிரதேசமானது. 1976இல் தில்லியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டு நிலைக்காமல் போனது. லால்டெங்கா கைதானார். பிறகு மீண்டும் பேச்சு, 1982இல் மீண்டும் முறிவு. அவர் லண்டன் போனார். பிரதமர் இந்திரா காந்தியை அவர் சந்திப்பதாக இருந்த நாள் 1984 அக்டோபர் 31. அன்று காலை இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அத்துடன் எல்லாம் முடிந்திருக்கலாம். ஆனால் ராஜீவ் காந்தி அரசு பேச்சைத் தொடர்ந்தது. மிசோரமின் திருச்சபைகளும் இரு தரப்பையும் பேசச் சொல்லி ஓயாமல் வற்புறுத்தி வந்தன.

1986 ஜூன் 30 இரவு உடன்பாடு கையெழுத்தானது. அரசு தரப்பில் உள்துறைச் செயலாளர் ஆர்.டி. பிரதான், மிசோரம் தலைமைச் செயலாளர் லால்காமா. எதிர்த் தரப்பில் லால்டெங்கா. பிரதான் பணி ஓய்வு பெறும் நாளும் அன்றுதான். பணி ஓய்வு நாளில் நம் அலுவலகங்களில் என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்துப் போகிறது.

உடன்பாட்டின் வாசகத்தில் இரண்டு இடங்களை மட்டும் தமிழில் எளிமையாக்கி அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்று, சட்டப் பாதுகாப்பு. மிசோக்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், நில உரிமை ஆகியவை பற்றி நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், மிசோரம் சட்டப்பேரவை ஏற்றுத் தீர்மானித்தால் மட்டுமே அங்கே செல்லும். இது வாக்குறுதியாகத் தாளில் நிற்கவில்லை. 53ஆவது திருத்தத்தின் மூலம் 371ஜி என்ற பிரிவாக அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலமானது.

இரண்டாவது இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மணிப்பூரிலும் பிற மாநிலங்களிலும் மிசோக்கள் வாழும் பகுதிகளை ஒன்றாக இணைக்க வேண்டும் என்பது முன்னணியின் நெடுநாள் கோரிக்கை. அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. கோரிக்கை எழுப்பப்பட்டது, அதற்கான வழிமுறை அரசமைப்பின் 3ஆவது பிரிவில் உள்ளது, அரசு இதில் எந்த உறுதியும் தர இயலாது என்று உடன்பாட்டிலேயே எழுதி வைத்தார்கள். கேட்டவர் கேட்டதும் பதிவானது, மறுத்தவர் மறுத்ததும் பதிவானது. ஒரே வார்த்தைக்கு ஆளுக்கொரு பொருள் வைத்துக்கொண்டு போய்ப் பிறகு சண்டையிடுவதைவிட இது நேர்மையான வழி.

இனி மூன்றாவது கட்டம், 'வெளியே நின்றவர்'. 1986இல் மிசோரமின் முதலமைச்சர் காங்கிரஸின் லால் தன்ஹாவ்லா. தேர்தலில் வென்று அமர்ந்தவர். உடன்பாடு வந்தால் தன் நாற்காலி போகும் என்று தெரிந்தவர். முறியடிக்க நினைத்திருந்தால் அவரால் முடிந்திருக்கும். அவர் பதவி விலகி வழிவிட்டார். 1986 ஆகஸ்டில் லால்டெங்கா முதலமைச்சர் ஆனார், லால் தன்ஹாவ்லா துணை முதலமைச்சர் ஆனார். நேற்றுவரை தேடப்பட்டவர் முதலமைச்சர், நேற்றுவரை முதலமைச்சராக இருந்தவர் அவருக்குக் கீழே. உடன்பாட்டால் இழக்கப்போகிறவரையும் உள்ளே கொண்டுவந்த ஏற்பாடு இது.

நான்காவது கட்டத்தை நிரப்ப இன்னும் மூன்று ஆண்டு போகவேண்டும். 1987 தேர்தலில் முன்னணி வென்றது. 1988இல் கட்சி உடைந்து ஆட்சி கவிழ்ந்தது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1989 ஜனவரித் தேர்தலில் முன்னணி தோற்று, லால் தன்ஹாவ்லா மீண்டும் முதலமைச்சரானார். இருபது ஆண்டு காட்டிலிருந்து போராடியவர்கள், வாக்குச் சீட்டில் தோற்றபோது காட்டுக்குத் திரும்பவில்லை. லால்டெங்கா 1990இல் காலமானார். அவருக்கு அடுத்து முன்னணிக்குத் தலைமையேற்ற சோரம்தங்கா 1998இல் முதலமைச்சரானார், 2008இல் தோற்றார், 2018இல் வென்றார், 2023இல் மறுபடி தோற்றார். ஒவ்வொரு முறையும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது. மிசோரமில் ஜூன் 30ஐ 'ரெம்னா நி', அதாவது அமைதி நாள், என்று கொண்டாடுகிறார்கள். என்னைக் கேட்டால் 1989 ஜனவரிதான் அந்த உடன்பாடு உண்மையில் தேர்வெழுதிய மாதம்.

இப்போது அதே நான்கு கட்டங்களில் இலங்கையை வைப்போம். 1987 ஜூலை 29, கொழும்பு. கையெழுத்திட்டவர்கள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனேயும். சண்டையிட்டுக்கொண்டிருந்தது இலங்கை அரசும் தமிழ் ஆயுதக் குழுக்களும். அந்தக் குழுக்களில் எவருடைய கையெழுத்தும் அதில் இல்லை. ஆனால் 72 மணி நேரத்துக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் பேசிய விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன், ஆயுதங்களை இந்தியாவிடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். ஒப்பந்தம் நிரந்தரத் தீர்வைத் தரும் என்று தாம் நம்பவில்லை என்பதையும் அதே மேடையில் சொன்னார்.

சிங்களத் தரப்பிலும் வெளியே நின்றவர்கள் உண்டு. இதை நாம் பல நேரம் சொல்ல மறக்கிறோம். ஒப்பந்தத்தை எதிர்த்துக் கொழும்பில் கலவரம் நடந்தது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டிருந்த ராஜீவ் காந்தியை ஒரு கடற்படை வீரர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடித்தார். அப்போதைய இலங்கைப் பிரதமர் பிரேமதாசாவே ஒப்பந்தத்தை எதிர்த்தவர். அவர்தான் 1989இல் குடியரசுத் தலைவரானார், இந்தியப் படை வெளியேற வேண்டும் என்றார். இதற்குள் 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கியிருந்தது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். இருபுறமும் அகப்பட்ட பொதுமக்களின் துயரம் தனி. 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு திரும்பியது. ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மீண்டும் போர் மூண்டது. அந்த மாணவியின் அம்மம்மா படகேறிய ஆண்டு அதுதான்.

ஒப்பந்தம் முழுவதும் வீணானது என்றும் சொல்லக்கூடாது. அதன் விளைவாக இலங்கை அரசமைப்பில் வந்த 13ஆவது திருத்தமும், தமிழ் ஆட்சிமொழியாவதும் என்ற விதியும் இன்றைக்கும் அங்குள்ள அரசியல் பேச்சின் அடித்தளம். ஆனால் வட மாகாணத்துக்கென்று தனியாக ஒரு மாகாண சபைத் தேர்தல் நடக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1986இல் எழுதியது அடுத்த ஆண்டே மாநிலமாகியதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கே கூர்மையான பிள்ளை ஒன்று குறுக்கே வரும். "அப்போ சண்டை போட்டவங்களே கையெழுத்துப் போட்டா சரியாயிடுமா?" ஆகாது. அதற்கும் இலங்கையிலேயே சான்று உண்டு. 2002 பிப்ரவரியில் நார்வேயின் ஏற்பாட்டில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கண்காணிக்க ஐந்து நார்டிக் நாடுகளின் குழு வந்தது. ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். துப்பாக்கி ஓய்ந்திருந்த ஓராண்டில் அரசியல் தீர்வு உருப்பெறவில்லை.

மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போது காரணம் கொஞ்சம் விளங்குகிறது. அப்போது இலங்கையில் பிரதமர் ஒரு கட்சி, குடியரசுத் தலைவர் சந்திரிகா வேறு கட்சி. உடன்படிக்கையில் அவருக்குப் பங்கில்லை. 2003 நவம்பரில் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சகங்களை அவர் தன் கையில் எடுத்துக்கொண்டார். கிழக்கில் பெருந்தொகையாக வாழும் முஸ்லிம்கள் தங்களுக்குத் தனிப் பிரதிநிதிக்குழு வேண்டும் என்று கேட்டும் கிடைக்கவில்லை. 2008 ஜனவரியில் இலங்கை அரசு உடன்படிக்கையிலிருந்து அதிகாரப்பூர்வமாக விலகியது. 2009 மே மாதம் போர் எப்படி முடிந்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. காணாமல் போனவர்களின் தாய்மார்கள் 2017இல் கிளிநொச்சியில் சாலையோரம் அமர்ந்தார்கள். காணாமல் போனோருக்கான அலுவலகம் என்று ஒன்று அமைந்த பிறகும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

ஒப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதை வகுப்பில் சொல்லியே தீரவேண்டும். மிசோரமில் பேசவேண்டியது ஒரே இயக்கம், ஒரே அரசு. இரண்டுக்கும் நடுவே மக்கள் மதித்த திருச்சபைகள் இருந்தன. இலங்கையில் பல இயக்கங்கள், பல கட்சிகள், நடுவே இன்னொரு நாடு. 'மிசோக்கள் விட்டுக்கொடுத்தார்கள், ஈழத்தமிழர் விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு பிள்ளை முடிவு கட்டினால், விட்டுக்கொடுத்த முதலமைச்சர் எந்தத் தரப்பில் இருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். அதிகாரத்தில் இருந்தவர்தான் முதலில் இடம் கொடுத்தார்.

சக ஆசிரியர்களுக்கு நடைமுறையில் ஒன்று சொல்லவேண்டும். முகாம் பிள்ளை வகுப்பில் இருந்தால், "நீ சொல்லு, உங்க வீட்ல என்ன நடந்துச்சு?" என்று எழுப்பி நிறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளை பெரும்பாலும் இங்கேயே பிறந்தது. இலங்கையைப் பார்த்தது கிடையாது. தன் குடும்பத்தின் துக்கத்துக்கு வகுப்பறையில் சாட்சி சொல்ல அதற்குக் கடமையும் இல்லை. தானாகப் பேசினால் கேட்போம். பேசாவிட்டால் நான்கு கட்டங்களே பேசட்டும். இயக்கங்களைப் பற்றி உணர்ச்சிவசப்பட்ட வாதம் எழுந்தாலும் கட்டங்களுக்கே திரும்ப அழைத்து வாருங்கள். எந்த ஆண்டு, யார் கையெழுத்து, யார் வெளியே என்று கேட்கும்போது குரல் தானாகத் தணிகிறது. இரண்டு பாடவேளை போதும். இந்திய வரைபடத்தில் ஐஸ்வாலையும், இலங்கையின் வரைபடத்தில் யாழ்ப்பாணத்தையும் தொட்டுக் காட்டிவிட்டுத் தொடங்கினால் நல்லது. மிசோரம் எங்கே என்று பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை, சில பெரியவர்களுக்கும்தான்.

மிசோரம் கதையை வெற்றிக் கதையாகவே விட்டுவிட எனக்கு மனமில்லை. 1986 உடன்பாட்டில் மிசோ தேசிய முன்னணி இருந்தது. அதே நிலத்தில் வாழும் சிறிய இனங்களுக்கு அதில் தனி இடம் இல்லை. மார் இன மக்கள் வடகிழக்குப் பகுதியில் தன்னாட்சி கேட்டுப் போராடி, 1994இல் தனியே ஓர் உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 1997இல் மிசோக்களுக்கும் ப்ரூ மக்களுக்கும் மோதல் வெடித்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ப்ரூ மக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். அங்கே முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. 2020 ஜனவரி 16 அன்று மத்திய அரசு, மிசோரம், திரிபுரா அரசுகள், ப்ரூ பிரதிநிதிகள் ஆகியோர் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். அவர்கள் ஊர் திரும்பவில்லை, திரிபுராவிலேயே நிரந்தரமாகக் குடியமர்த்தப்படுகிறார்கள்.

இந்த ஐந்தாவது வரிசையைக் கரும்பலகையில் நான் நிரப்புவதில்லை. ஆண்டையும் கையெழுத்திட்டவர்களையும் மட்டும் எழுதிவிட்டு, மற்ற இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டு வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாணவி 'வெளியே நின்றவர்' கட்டத்தில் "அந்த முகாம்லயே பிறந்த பிள்ளைங்க" என்று எழுதி வந்தாள். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள்.